பால் வெட்டின இடத்தில் நாடா சுற்றாதே

"அவ ஃபின்லாந்துல மரம் எண்ணுதா."

என் வேலை என்ன என்று யார் கேட்டாலும் அப்பா சொல்கிற பதில் இதுதான். ஆரியங்காவு டீக்கடையானாலும் செங்கோட்டைக் கல்யாண வீடானாலும் மாறாது. கேட்டவர் என்னை ஏற இறங்கப் பார்ப்பார். ஃபின்லாந்து போய்வந்த களை எதுவும் முகத்தில் இருக்காது. போனதும் இல்லை. மாடி அறையில் உட்கார்ந்து, கரன்ட் இருக்கிற நேரமாகப் பார்த்து, அங்கே காட்டு மேலே பறந்து எடுத்த லேசர் கோப்புகளைப் பிரித்து மேய்ந்து, எவ்வளவு மரம் நிற்கிறது என்று கணக்குப் போடுவதுதான் எட்டு வருடமாக என் பிழைப்பு. அப்பாவை நான் திருத்துவதில்லை. எண்ணுகிற வேலை இல்லை என்பதைத் தவிர மற்றது ஏறக்குறைய சரிதான்.

எங்கள் வீடு ஆரியங்காவுக்குக் கொஞ்சம் கீழே, கழுதுருட்டி போகிற வழியில். ரேஷன் கார்டு மலையாளத்தில், வீட்டுச் சண்டை தமிழில். தாத்தா புளியரையில் இருந்து எஸ்டேட் வேலைக்கு மலை ஏறி வந்தவர். அவர் வந்த காலத்தில் செங்கோட்டையே திருவிதாங்கூர்தான். 1956 நவம்பர் 1-இல் கோடு போட்டதும் பெரியப்பா வீடு அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம்.

அப்பா அளவுக்காரர். செங்கோட்டைப் பக்கம் ஒரு மரக்கடை முதலாளிக்காக முப்பது வருடத்துக்கு மேல் டிப்போ டிப்போவாகப் போனவர். தென்மலையில் வனத்துறை தேக்குத் தடிகளை அட்டி போட்டு வைத்திருக்கும். ஏலத்துக்கு முதல் நாளே அப்பா போய்விடுவார். தடியைப் பார்ப்பார், சுற்றுவார், கோடாலிக் காம்பால் தட்டிக் காதை வைப்பார். எந்த லாட்டில் உள்ளபடிக்கு எவ்வளவு மரம் இருக்கிறது, எவ்வளவு பொந்து என்று முதலாளிக்குச் சொல்வார். இப்போது ஏலமெல்லாம் இணையத்தில் நடக்கிறது. ஆனாலும் தடியைப் பார்க்க ஆள் போகத்தான் வேண்டியிருக்கிறது.

சின்ன வயதில் ஒருமுறை என்னைக் கூட்டிப்போனார். மலையாளி வியாபாரி ஒருத்தர் தடியின் வெட்டுவாயைக் காட்டி, "இதிலு காதலுண்டோ?" என்று கேட்டார். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். தடியின் நடுவில் இருக்கிற கெட்டியை நாம் சேகு என்றும் வைரம் என்றும் சொல்வோம், அவர்கள் காதல் என்பார்கள். அப்பா சிரிக்காமல், "முக்கால்வாசி உண்டு சாரே, மத்தது வெள்ளை" என்றார். அப்பாவிடம் இருந்த நாடாவைத்தான் அன்றைக்கு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். துணி நாடா. முனையில் இருந்த இரும்பு வளையத்தோடு முதல் இரண்டு அங்குலமும் பிய்ந்து போயிருந்தது. அப்பா எப்போதும் 10-ஆவது அங்குலத்தில் தொடங்கிச் சுற்றி, கடைசியில் 10 கழித்துச் சொல்வார். புதுசு வாங்கிக் கொடுத்தும் அதைத் தொடவில்லை. "புது நாடா இழுக்கும். இது இழுத்து முடிஞ்சது" என்றார். பழைய நாடாவில் நீளவேண்டியது நீண்டாயிற்று, இனி மாறாது என்று அர்த்தம். அளவுக் கருவிகளைப் பற்றி யாரும் எனக்கு அதற்கு மேல் சொல்லித் தந்துவிடவில்லை.

இனி என் தொழில். விமானத்தின் வயிற்றில் ஒரு லேசர் பெட்டி இருக்கும். அது நொடிக்குப் பல லட்சம் தடவை கீழே மின்னும். ஒவ்வொரு மின்னலும் எதிலாவது பட்டுத் திரும்புகிற நேரத்தை வைத்துத் தூரம் கணக்காகும். 1,500 மீட்டர் உயரத்தில் இருந்து தரைக்குப் போய்வர ஒளிக்கு ஒரு நொடியில் லட்சத்தில் ஒரு பங்கு போதும். அதில் ஒரு நானோ நொடி பிசகினால் தூரத்தில் 15 சென்டிமீட்டர் பிசகிவிடும். விமானம் எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்திருந்தது என்ற கணக்கில் 0.01 டிகிரி தவறினால், தரையில் புள்ளி 26 சென்டிமீட்டர் தள்ளி விழும். இதையெல்லாம் சரிக்கட்டிய பிறகுதான் கோப்பு என் கைக்கு வரும். கோடிக்கணக்கான புள்ளிகள். திரையில் திருப்பிப் பார்த்தால் பொரியை அள்ளி இறைத்துக் காடு செய்த மாதிரி இருக்கும்.

கோடு மாதிரி நினைக்கிறோமே தவிர, அந்த ஒளி கீழே வரும்போது ஒரு சின்ன முறம் அளவுக்கு விரிந்திருக்கும். அதுதான் விஷயமே. முறத்தில் ஒரு பங்கு உச்சிக் கிளையில் பட்டுத் திரும்பிவிடும், ஒரு பங்கு நடுக்கிளையில், மிச்சம் இலை இடுக்கில் புகுந்து தரையில் பட்டுத் திரும்பும். ஒரே மின்னலுக்கு மூன்று நான்கு பதில். தரையில் பட்ட புள்ளிகளைப் பொறுக்கித் தனியே எடுத்து ஒரு பாய் மாதிரி விரித்துவிட்டால், மரத்தின் உயரம் கழித்தல் கணக்குதான். உயரத்தில் லேசரை மிஞ்ச ஆள் கிடையாது. கீழே நின்று கருவியை வைத்து அண்ணாந்து பார்த்து அளக்கிற மனிதனை விட நன்றாகவே சொல்லும். ஒளி சரியாக உச்சிக்குருத்தில் படாமல் தோளில் பட்டுவிடுவதால் கொஞ்சம் குட்டையாகச் சொல்லும் பழக்கம் உண்டு, அவ்வளவுதான்.

ஆனால் மரத்தின் கன அளவுக்கு உயரம் மட்டும் போதாதே. அடிமரத்தின் பருமன் வேண்டும். மேலே இருந்து பார்க்கிற லேசருக்கு அது தெரியாது. கல்யாணப் பந்தியை மொட்டை மாடியில் இருந்து பார்த்தால் எத்தனை தலை, யார் உயரம் என்று தெரியும். யாருக்கு என்ன இடுப்புச் சுற்று என்று சொல்ல முடியுமா? நிறையப் பேர் இங்கேதான் ஏமாந்து போகிறார்கள். "லேசர் வைத்து மரத்தின் கன அளவை அளந்துவிட்டோம்" என்று சொல்கிற விளம்பரங்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். யாரும் அளக்கவில்லை. ஊகித்திருக்கிறார்கள், நல்ல ஊகம்.

ஊகிக்கிற வழியை 1990-களில் நார்வேயில் எரிக் நேஸ்ஸட் என்ற பேராசிரியர் ஒழுங்குபடுத்தினார். ஒவ்வொரு மரமாகத் தேடாதே, காட்டைச் சின்னச் சின்னக் கட்டமாகப் பிரி. ஒரு கட்டத்துக்குள் புள்ளிகள் எந்த உயரத்தில் எத்தனை விழுந்தன, எத்தனை பங்கு தரைக்கு வராமல் இலையிலேயே நின்றன என்று பார். அப்புறம் காட்டுக்குள் ஆளை அனுப்பி, அதே கட்டத்தின் அளவுக்குச் சில இடங்களில் வட்டம் போட்டு, அதற்குள் நிற்கிற எல்லா மரத்தையும் கையால் அள. புள்ளிகள் இப்படி இருந்தால் மரம் இவ்வளவு என்று ஒரு சமன்பாடு கிடைக்கும். அதை ஆள் போகாத கட்டங்களுக்கெல்லாம் போடு. நார்வேயில் 2002 வாக்கிலேயே இது தொழிலாகிவிட்டது. ஃபின்லாந்தில் தனியார் காடுகளை 2010 முதல் இப்படித்தான் கணக்கெடுக்கிறார்கள். அங்கே காட்டில் பாதிக்கு மேல் குடும்பங்களின் கையில் இருக்கிறது. நம்மூரில் தென்னந்தோப்பு வைத்திருப்பது போல அவர்கள் பைன் காடு வைத்திருப்பார்கள். எந்த வருடம் எந்தத் துண்டை வெட்டலாம் என்று அவர்களுக்குத் தெரியவேண்டும். அந்த நாட்டு நில அளவைத் துறை தன் லேசர் புள்ளிகளை 2012 மே மாதத்தில் இருந்து யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டது. அப்போது சதுர மீட்டருக்கு அரைப் புள்ளிதான். நான் தொழில் கற்றது அந்த அரைப் புள்ளியில்தான், செங்கோட்டையில் சித்தி வீட்டு இணைய இணைப்பில் இரவெல்லாம் இறக்கி.

நல்ல கையில் ஒரு காட்டுத் துண்டுக்கு 100-க்கு 10 முதல் 20 வரை பிசகு இருக்கும். துண்டுகளைச் சேர்த்து மொத்தமாகப் பார்க்கும்போது குறையும். அங்கே மரவகை குறைவு: பைன், ஸ்புரூஸ், பிர்ச் என்று மூன்றைச் சொல்லிவிட்டால் காடு பெரும்பாலும் முடிந்தது. நிலமும் பெரிதாக ஏறி இறங்காது. எங்கள் வீட்டுக்கு எதிரே தெரிகிற செந்துருணிக் காட்டில் இதே வேலையைச் செய்யச் சொன்னால் நான் கும்பிடு போட்டுவிடுவேன். அந்தக் காட்டுக்குப் பேரே செங்குறிஞ்சி மரத்தால் வந்தது. அதைத் தவிர எத்தனை வகை, எத்தனை அடுக்கு. மேலடுக்கே ஒளியை விழுங்கிவிடும், தரைக்கு மிச்சம் வராது. விண்வெளி நிலையத்துக்கு 2018 டிசம்பரில் ஏற்றிய ஜெடி என்ற லேசர் கருவியின் புள்ளிகளை இந்த மலை மேல் ஒருமுறை ஆசைக்கு இறக்கிப் பார்த்தேன். அதன் ஒரு புள்ளி 25 மீட்டர் அகலம். 30 டிகிரி சரிவில் அந்த 25 மீட்டருக்குள் தரையே 14 மீட்டர் ஏறிவிடும். எது மரம், எது மலை என்று எதை வைத்துப் பிரிப்பது? மூடி வைத்துவிட்டேன். நம் நாட்டில் 2021-இல் 10 மாநிலக் காடுகளில் லேசர் அளவை என்று அறிவித்தார்களே, அது தண்ணீரும் தீவனமும் எங்கே பெருக்கலாம் என்று பார்க்க. மரக் கணக்குக்காக இல்லை. அந்தப் பத்தில் கேரளமும் இல்லை, தமிழ்நாடும் இல்லை.

போன ஜனவரியில் உள்ளூரிலேயே ஒரு வேலை வந்தது. ரிட்டயர்டு வாத்தியார் ஒருத்தருக்கு 12 ஏக்கர் ரப்பர். 28 வருட மரம், பால் குறைந்துவிட்டது, கடைசியாகப் பாலை ஒட்ட எடுக்கிற கடும்வெட்டும் முடிந்துவிட்டது. மொத்தமாக விற்றுவிட்டுப் புதுக்கன்று வைக்கப்போகிறார். வருகிற புரோக்கர் ஒவ்வொருவரும் ஒரு கணக்குச் சொல்கிறார். மரம் பெரும்பாவூர்ப் பக்கம் பிளைவுட்டுக்குப் போகும். "மோளே, நின்டெ லேசர் வச்சு ஒந்நு நோக்கிக்கூடே?" என்று கேட்டார். டிரோனில் லேசர் பொருத்திப் பறக்கவிடுகிற பையன்களை எனக்குத் தெரியும். ஜனவரி என்பதால் ரப்பர் இலை உதிர்த்து நின்றது. தரை பளிச்சென்று கிடைக்கும். எனக்கும் ஆசைதான். எட்டு வருடமாகப் பார்க்காத மரத்தையே அளந்தவளுக்கு, நடந்து போய்த் தொட்டுப் பார்க்கிற தூரத்தில் ஒரு தோட்டம்.

டிரோன் 80 மீட்டர் உயரத்தில் போய் வந்தது. சதுர மீட்டருக்கு நூற்றுக்கு மேல் புள்ளி. கவட்டை, கிளை, காற்றில் முறிந்து தொங்கிய கொம்பு எல்லாம் திரையில் தெரிந்தது. ஓடைக்கரையில் மட்டும் மரங்கள் இரண்டு மீட்டர் குட்டையாக வந்தன. ஓடைக்கரை மரம் உயரமாகத்தானே இருக்கவேண்டும் என்று துருவினேன். மூங்கில் மாதிரி வளர்கிற ஈத்தைப் புதர் அங்கே அவ்வளவு அடர்த்தி. தரை பொறுக்குகிற மென்பொருள் ஈத்தையின் தலையைத் தரை என்று எடுத்துக்கொண்டிருந்தது. கையால் திருத்தினேன். அதைக் கண்டுபிடித்ததில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியதையும் சொல்லிவிட வேண்டும்.

அடுத்தது வட்டம். ஃபின்லாந்து முறையிலேயே 9 மீட்டர் ஆரம், நெஞ்சு உயரத்தில் 1.3 மீட்டரில் சுற்றளவு. எட்டு வட்டம், ஐந்து மேட்டுச் சரிவில், மூன்று ஓடைப் பக்கம் சமதரையில். எட்டு போதாதுதான். அங்கெல்லாம் ஒரு பகுதிக்கு நூற்றுக்கணக்கில் போடுவார்கள். ஆனால் ஒரே வயது, ஒரே வகை, வரிசை நடவு என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். மரத்தடியில் கையடக்க ஜிபிஎஸ் ஐந்து பத்து மீட்டர் பொய் சொல்லும் என்பதால், வரிசையையும் எத்தனையாவது மரம் என்பதையும் எழுதிவரச் சொல்லி, சித்தி பையன்கள் இரண்டு பேரிடம் கயிறும் டேப்பும் கொடுத்து அனுப்பினேன். இரண்டே நாளில் முடித்துவிட்டார்கள். சமன்பாடு அழகாக உட்கார்ந்தது. ஏக்கர் வாரியாகக் கலர் போட்டு வரைபடமும் தயார்.

அப்பாவுக்கு 71 வயது. முழங்கால் வலி. வரைபடத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் சட்டையை மாட்டிக்கொண்டு தோட்டத்துக்குக் கிளம்பிவிட்டார். அரை நாள் சுற்றிவிட்டு வந்து, செம்பில் தண்ணீர் குடித்துவிட்டு, "மேட்டுல நீ சொல்லுதது சரி. பள்ளத்துல கூடச் சொல்லுத" என்றார்.

எவ்வளவு கூட?

"ஏழுல ஒண்ணு."

எனக்கு முணுக்கென்று வந்தது. கண்ணால் பார்த்து ஏழில் ஒன்று என்று எப்படிச் சொல்ல முடியும்? ஓடைக்கரைத் தரையைத் திருத்தியபோது ஏதாவது கூட்டிவிட்டேனோ என்று ராத்திரி முழுக்கப் புள்ளிகளை நோண்டினேன். உயரம் எல்லாம் சரியாகவே இருந்தது. மறுநாள் காலையில் அப்பாவையும் ஏணியையும் கூட்டிக்கொண்டு முதல் வட்டத்துக்குப் போனேன். சித்தி பையனிடம், நீ எப்படி அளந்தாயோ அப்படியே அளந்து காட்டு என்றேன். அவன் டேப்பை நெஞ்சு உயரத்தில் சுற்றினான். 96 சென்டிமீட்டர்.

அப்பா தலையில் அடித்துக்கொண்டார். "பால் வெட்டின இடத்துல சுத்துதியேடே. மரத்தையா அளக்க? புண்ணை அளக்க."

கிட்டத்தில் போய்ப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. ரப்பரில் பால் வெட்டுவதே நெஞ்சு உயரத்தில் இருந்து கீழேதான். கன்று வெட்டுக்கு வந்துவிட்டதா என்று பார்க்கிற அளவே, ஒட்டுப் போட்ட இடத்திலிருந்து 125 சென்டிமீட்டர் உயரத்தில் 50 சென்டிமீட்டர் சுற்று என்பது. அங்கிருந்து வெட்ட ஆரம்பித்து, பட்டை வளர வளர மறுபடி மறுபடி அதே இடத்தில் கத்தி போகும். 28 வருடத்தில் அந்த இடம் முண்டும் முடிச்சுமாய், ஆறிய காயம் மாதிரி வீங்கி நின்றது. கை வைத்தால் ஒரு பக்கம் பள்ளம், ஒரு பக்கம் மேடு; டேப் மேடுகளின் மேலே தாவித் தாவிப் போகிறது, பள்ளத்துக்குள் இறங்கவே இல்லை. ஒரு ஓரத்தில் சிரட்டை மாட்டின பழைய கம்பியைப் பட்டை பாதி விழுங்கியிருந்தது. அதையும் சேர்த்துத்தான் அளந்திருக்கிறான். அப்பா ஏணியில் ஏறவிடாமல் நானே ஏறி, வெட்டுக்கு மேலே, வழவழவென்று இருந்த இடத்தில் அவருடைய பழைய நாடாவைச் சுற்றினேன். 10-இல் தொடங்கி. கழித்து, சென்டிமீட்டராக்கினால் 82.

மேலே போனால் மரம் இயல்பாகவே ஒல்லியாகாதா என்று கேட்டேன். விதை ரப்பர் அப்படித்தான், கூம்பு மாதிரி. இது ஒட்டுக்கன்று, அடியில் இருந்து கவட்டை வரை தூண் மாதிரி நிற்கும், ஒல்லியாவது ரொம்பச் சொற்பம் என்றார். எட்டு வட்டத்தையும் மறுபடி அளந்தோம். மூன்று நாள். சராசரியாக முன்பு 91, இப்போது 85. பார்க்க ஆறு சென்டிமீட்டர்தான். ஆனால் கன அளவு சுற்றளவின் வர்க்கத்தில் ஓடுகிறது: 91-ஐ 85-ஆல் வகுத்து அதை அதாலேயே பெருக்கினால் 1.146. 100-க்கு 15 கூட. ஏழில் ஒன்று.

அப்படியானால் மேட்டில் மட்டும் எப்படிச் சரியாக வந்தது? அங்கேயும் அதே புண்ணைத்தானே அளந்தார்கள்? இது இன்னும் கேவலமான கதை. பையன்கள் 9 மீட்டர் கயிற்றைச் சரிவோடு சரிவாகத் தரையில் கிடத்தியிருக்கிறார்கள். வட்டம் என்பது மேலே இருந்து பார்த்தால் வட்டமாக இருக்கவேண்டும். 30 டிகிரி சரிவில் கயிற்றை அப்படிக் கிடத்தினால் மட்டத்தில் 7.8 மீட்டர்தான் போகும். 254 சதுர மீட்டர் என்று நான் கணக்கில் போட்ட வட்டம் உள்ளபடிக்கு 220. ஓரத்து மரங்கள் விட்டுப்போயின. அவர்களைத் திட்ட எனக்கு வாயில்லை. ஃபின்லாந்தில் கையில் வைத்திருக்கும் ஒலிக்கருவி சரிவைத் தானே கழித்து மட்டத் தூரம் காட்டிவிடும். அந்தக் கருவி இருப்பதாலேயே அவர்களுடைய குறிப்பில் சரிவைக் கழி என்று யாரும் எழுதுவதில்லை. அந்தக் குறிப்பை நான் தமிழில் எழுதிக் கயிற்றோடு கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.

மரத்தைப் பருமனாகக் காட்டியதில் 15 கூட. வட்டத்தைச் சின்னதாகப் போட்டதில் 13 குறைவு. 1.146-ஐ 0.866-ஆல் பெருக்கிப் பாருங்கள், 0.99. மேட்டில் இரண்டு திருடனும் ஒருத்தனை ஒருத்தன் பிடித்துக் கொடுத்துவிட்டான். சமதரையில் ஒருத்தன் மட்டும் தப்பித்துக்கொண்டான். என் சமன்பாடு அவ்வளவு அழகாக உட்கார்ந்ததைப் பார்த்து நான் பூரித்துப் போயிருந்தேனே, அந்த நேரம் முழுக்க அதற்குள் இந்த இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள்.

அப்பாவுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அவருடைய தொழிலிலேயே கணக்கு தெரிந்தேதான் பொய் சொல்கிறது. தடியின் நடுச்சுற்றை நாலாக மடி, அதை அதாலேயே பெருக்கு, நீளத்தால் பெருக்கு: இதுதான் மரக்கடைக் கணக்கு. 120 சென்டிமீட்டர் சுற்று, 5 மீட்டர் நீளம் என்றால் 0.45 கன மீட்டர். வட்டத்துக்கு உள்ள உண்மையான கணக்கைப் போட்டால் 0.573. 100-க்கு இருபத்தொன்றரை காணோம். எட்வர்ட் ஹாப்பஸ் என்ற இங்கிலாந்துக்காரர் 1736-இல் அட்டவணையாகப் போட்டது இந்தக் கணக்குத்தான். அறுக்கும்போது தோலும் தூளுமாகப் போவதை முதலிலேயே கழித்துவிடுகிற கணக்கு. விற்பவனுக்கும் தெரியும், வாங்குபவனுக்கும் தெரியும். அதனால் சண்டை இல்லை. "எவ்வளவு பொய்னு தெரிஞ்சா அது பொய்யில்லைட்டி" என்றார் அப்பா. வயதானவர்கள் இப்படி எதையாவது சொல்லிவிட்டு வெற்றிலையைப் போட்டுக்கொள்வார்கள். பதில் சொல்ல முடியாது.

திருத்திய கணக்கை வாத்தியாரிடம் கொடுத்தேன். புது வரைபடமும். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். மேட்டில் இவ்வளவு, பள்ளத்தில் இவ்வளவு என்று விரலை வைத்துக் கேட்டார். அடுத்த வாரம் புரோக்கர் வந்தார். இரண்டு பேரும் திண்ணையில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். மரத்துக்கு இவ்வளவு என்று ஒரு விலை, லாரி ஏறுகிற பாதையைச் செப்பனிடுவது யார் என்று ஒரு தகராறு, குச்சி விறகு யாருக்கு என்று ஒரு தகராறு. வரைபடத்தை எடுக்கவே இல்லை. அப்புறம் வாத்தியார் சொன்னார், அந்த எண் மனதில் இருந்ததால்தான் இரண்டாவது டீ வரைக்கும் பிடித்து நின்றாராம். எனக்கு ஒரு குலை ரோபஸ்டாவும், பேசின காசும் வந்தது. டிரோன் பையன்களுக்குக் கொடுத்தது போக மிச்சம் கொஞ்சம்தான்.

திங்கட்கிழமை மறுபடி ஃபின்லாந்து. புதுக் கோப்பு, அறுநூற்றுச் சொச்சம் வட்டம். அந்த அட்டவணையில் கடைசியில் எப்போதும் ஒரு பத்தி வரும், அளந்தவர் எண் என்று. சமன்பாட்டுக்கு அது தேவையில்லை. இத்தனை வருடமும் முதல் வேலையாக அதை அழித்துவிட்டுத்தான் ஆரம்பிப்பேன். இந்தத் தடவை அதை வைத்தே வரிசைப்படுத்தினேன். ஒன்பது பேர் அளந்திருக்கிறார்கள். சமன்பாடு சொல்வதற்கும் கையால் அளந்ததற்கும் உள்ள வித்தியாசத்தை ஆள் வாரியாகப் பிரித்துப் பார்த்தால், எட்டுப் பேருக்குக் கொஞ்சம் மேலும் கொஞ்சம் கீழுமாக இருந்தது. 7-ஆம் எண்காரர் போட்ட வட்டங்களில் மட்டும் மரங்கள் எல்லாமே ஒரு சொட்டு பருமனாக இருந்தன. அடர்ந்த காடு, வெட்டைக் காடு, பைன், பிர்ச் எதுவானாலும் அதே பக்கம்தான்.

கீழே போய் அப்பாவைக் கூப்பிட்டு வந்து காட்டினேன். அவர்கள் நாடா சுற்றுவதில்லை, இரண்டு கையால் பிடிக்கிற இடுக்கி மாதிரி ஒரு அளவுகோல், மரத்தின் குறுக்களவைச் சொல்லும் என்று விளக்கினேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு 7-ஆம் எண்ணுக்கு நேரே இருந்த புள்ளிகளைப் பார்த்தார்.

"எதுவா இருந்தா என்ன. அழுத்திப் பிடிக்க மாட்டேங்கான்" என்றார். "குளிருல கைய உறைக்குள்ளருந்து எடுக்காம அளக்கான் போல."